கட்டிங்கா ஹோசு: அத்தனை ரேஸும் நீந்தினது பலமா, வீண் வேலையா?

லேன்_நாலு:
ஹங்கேரி நீச்சல் வீராங்கனை ஹோசு 2025 ஜனவரில ரிட்டையர் ஆனப்ப எல்லாரும் அயர்ன் லேடி அயர்ன் லேடின்னு கொண்டாடினீங்க, எனக்கு அதுலதான் சந்தேகமே. ஊர் ஊரா நடக்குற உலகக் கோப்பை தொடர்ல ரேஸ் ஒண்ணு விடாம நீந்தி உடம்ப தேய்ச்சதுக்கு பதிலா மெட்லி (நாலு ஸ்டைலும் ஒரே ரேஸ்ல) 200, 400 மீட்டர் ரெண்டையும் பேக்ஸ்ட்ரோக்கையும் (மல்லாந்து நீந்துறது) மட்டும் பிடிச்சிருந்தா இன்னும் தங்கம் வந்திருக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்ல 200 பேக்ஸ்ட்ரோக்ல அமெரிக்காவோட மாயா டிராடோகிட்ட 0.06 செகண்ட்ல விட்டாங்களே, அது களைப்பு இல்லாம வேற என்ன?

தண்ணிப்பாம்பு:
அட போங்க பாஸ். அதே ரியோல அதுக்கு முன்னாடி மூணு தங்கம் எடுத்தாச்சு, 400 மெட்லில 4:26.36, பழைய ரெக்கார்ட ரெண்டு செகண்டுக்கு மேல அடிச்சு தூக்கினாங்க, களைச்சுப் போனவங்க நீந்துற டைமா இது? 2012 லண்டன்ல நாலாவதா வந்து மனசு ஒடிஞ்சு போனவங்க, அதுக்கப்புறம்தான் வாராவாரம் ரேஸே ட்ரெய்னிங்ங்கற ரூட்டுக்கு மாறினது. 2015 கசான் உலக சாம்பியன்ஷிப்ல 200 மெட்லி 2:06.12, அதுவும் 2009ல அந்த வழவழ சூப்பர் சூட் போட்டு வெச்ச 2:06.15 ரெக்கார்ட சாதாரண சூட்ல. பிடிக்கலன்னா விடுங்க, கணக்க மாத்தாதீங்க.

லேன்_நாலு:
ரெக்கார்ட நான் குறை சொல்லலியே. டோக்கியோல 400 மெட்லில அஞ்சாவது, 200ல ஏழாவது. அந்த ஓட்டத்துக்கு உடம்பு குடுத்த பில்லுதான் அது.

கரையோரம்:
32 வயசுல அஞ்சாவது ஒலிம்பிக்ல மெட்லி ஃபைனல் ரெண்டுலயும் இருந்ததுக்கு பேரு பில்லா சகோ? 2004 ஏதென்ஸ்ல 15 வயசுல ஆரம்பிச்சவங்க. 400 மெட்லி உலக சாம்பியன் பட்டம் மட்டும் அஞ்சு தடவை (2009, 13, 15, 17, 19), இதுல 2019 குவாங்ஜு கோச்சா இருந்த கணவர விட்டுப் பிரிஞ்ச பிறகு எடுத்தது. அப்புறம் காசு விஷயத்த யாருமே பேசலயே, ஸ்விம்மருக்கு கிரிக்கெட் மாதிரி சம்பளமா வருது, அந்த உலகக் கோப்பை பரிசுப்பணம்தான் சோறு போட்டுச்சு. 2017ல ஒருத்தர் இத்தனை ரேஸ்தான்னு உலக நீச்சல் சங்கமான ஃபினா வரம்பு வெச்சப்ப அவங்க ஓப்பன் லெட்டர் எழுதி கிழிச்சது சும்மாவா?

லேன்_நாலு:
காசுக்குன்னா ஒத்துக்கறேன், அது நியாயம். ஆனா உலகக் கோப்பை முக்காவாசி 25 மீட்டர் குளத்துல, டர்ன் அதிகம், சுவத்த உதைச்சு தண்ணிக்கடில போற கிக்க வெச்சே ஓட்டிடலாம். ஒலிம்பிக் 50 மீட்டர். அதுக்கு இது எப்படி ட்ரெய்னிங் ஆகும்?

தண்ணிப்பாம்பு:
அந்த தண்ணிக்கடி கிக்குதான் ரியோல 100 பேக்ஸ்ட்ரோக்ல கேத்லீன் பேக்கர 0.30ல தாண்ட வெச்சது, அது அவங்க மெயின் ரேஸே இல்ல! நீங்க சொல்ற மாதிரி தேர்ந்தெடுத்து நீந்தியிருந்தா முதல்ல வெட்டியிருக்கறதே அந்த ரேஸத்தான்.

லேன்_நாலு:
பேக்ஸ்ட்ரோக்க வெட்டச் சொல்லலியே, மேல படிச்சுப் பாருங்க. கனடாவோட சம்மர் மெக்கின்டாஷ் 2023ல அந்த 400 மெட்லி ரெக்கார்ட 4:25.87க்கு இறக்கிட்டாங்க, வருஷம் பூரா ஊர் ஊரா எல்லா ரேஸும் நீந்தியா இறக்கினாங்க?

கரையோரம்:
பாரிஸ் ஒலிம்பிக்ல மெக்கின்டாஷும் நாலு தனிநபர் ரேஸ்ல நாலு மெடல் சகோ. ஒரே ரேஸ்ல உக்காந்த ஆள உதாரணமா கொண்டாங்க, அப்புறம் பேசலாம்.