கொத்தடிமை மீட்பு: சான்றிதழ் வாங்காமல் வண்டி ஏறாதீர்கள்

திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் இருளர் குடும்பங்களை மீட்டபோது துணைக்குப் போயிருந்தேன். வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தில்தான் எல்லாம் தொடங்கியிருக்கிறது. சொந்தக்காரர் சாவுக்குக்கூடக் குடும்பமாகப் போக முடியாது. ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் மற்றவரை அனுப்புவார்களாம்.

கோட்டாட்சியர் வந்ததும் சூளைக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார். நல்ல காரியம் செய்தார், சூளைக்காரர் எதிரில் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்: வாரத்துக்கு என்ன கையில் வருகிறது, வேறு வேலைக்குப் போக விடுவார்களா, ஊருக்குப் போய்விட்டால் தேடி வருவார்களா.

"என் பணத்தைக் கட்டிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும்" என்றார் சூளைக்காரர். "1976-ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. இனி அதை வாங்கினால் அதுவும் குற்றம்" என்றார் கோட்டாட்சியர். பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்து, "நெசமாவா சாமி?" என்று கேட்டார்.

கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று காட்டும் விடுவிப்புச் சான்றிதழை அன்றைக்கே கொடுத்தார்கள். வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினால் போதும் என்று நினைக்கும் அதிகாரிகளும் உண்டு. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைப்பது அந்தத் தாளை வைத்துத்தான். மறுவாழ்வுத் தொகையும் அப்படியே: ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடுமை நடந்திருந்தால் 3 லட்சம். ஆனால் இந்தப் பெரிய தொகையை முதலாளி மேல் நடக்கும் வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பது பெரிய அநியாயம். வழக்கு இழுத்துக்கொண்டே போனால் அதுவரை எதைச் சாப்பிடுவார்கள்? இன்னொரு மேஸ்திரி முன்பணத்தோடு வாசலில் வந்து நிற்பார்.

பதில்:

நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை அண்ணா. எங்களுக்குத் தெரிந்த பெண் ஒருத்தியை நூற்பாலை விடுதியில் அடைத்து வைத்திருந்தார்கள். புகார் கொடுத்தால், சம்பளத் தகராறு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்ட பிறகுதான் வழி பிறந்தது. ஆள்கடத்தலால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறது. 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். எங்களுக்குக் கிடைத்த வக்கீல் அம்மா ஆள்கடத்தல் பிரிவையும் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டார். இப்போது அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 143-ஆவது பிரிவு. புகார் எழுதும்போதே அந்த எண்ணைக் கேட்டு எழுத வையுங்கள்.