பதில்: படக்கதையில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருப்பது

குடியாத்தத்திலிருந்து:
வணக்கம். எட்டாம் வகுப்புப் படக்கதைப் பயிலரங்குக்கான கையேடு நாளை ஐந்து மணிக்குள் அச்சகம் போக வேண்டும். கட்டங்களுக்கு நடுவே விடும் வெள்ளையைக் குறிக்கும் 'கட்டர்' (gutter) என்ற ஆங்கிலச் சொல்லை இயந்திர மொழிபெயர்ப்பு சாக்கடை ஆக்கிவிட்டது. "இரு கட்டங்களுக்கு நடுவே உள்ள சாக்கடையில்தான் கதை நகர்கிறது" என்று வாசித்ததும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

தீப்பெட்டி ஊர் என்பதால் நான் வரைந்த முதல் கட்டத்தில் எரியும் தீக்குச்சி. அடுத்ததில் பொங்கி வழியும் பால். நடுவே விரல் அகல வெள்ளைத்தாள். அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். "அம்மா போன் பேசப் போயிட்டாங்க மிஸ்" என்றாள் ஒருத்தி. இந்த வெள்ளைக்குத்தான் பெயர் வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து:
அம்மா, இடைகழி! வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள நடை. ரேழி என்று பேச்சில் தேய்ந்தது இதுதான். திருக்கோவலூர் இடைகழியில் மழைக்கு ஒதுங்கிய ஆழ்வார்கள் மூவர். நான்காவதாகப் பெருமாள் கண்ணுக்குத் தெரியாமல் நெருக்கினாரே, அவர்தான் உங்கள் வாசகர். அந்த மூவரில் பொய்கையாழ்வார் பாடிய முதல் திருவந்தாதியிலேயே சொல் இருக்கிறது. கட்டம், இடை இரண்டையும் புணர்த்தலாம் என்றால் மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வந்து 'கட்டவிடை' ஆகும். பிள்ளைகள் விடைத்தாளைத் தேடுவார்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:
ஐயா, ரேழி உள்ள வீட்டை அந்தப் பிள்ளைகள் பார்த்திருப்பார்களா? 'கட்டர்' என்றே விடவும் முடியாது. எங்கள் கடையில் அது ஃப்ளெக்ஸ் வெட்டும் கத்தி. புத்தக நடுமடிப்பு ஓரத்துக்கும் அச்சில் இதே பெயர். சந்து என்று வையுங்கள். நாலு தாள் போஸ்டரைச் சுவரில் ஒட்டும்போது "சந்து விடாதே" என்றுதான் பையன்களிடம் சொல்வோம்.

ஆற்காட்டிலிருந்து:
சந்து வடமொழிச் சந்தியிலிருந்து வந்தது.

ராணிப்பேட்டையிலிருந்து:
வரட்டுமே ஐயா. சந்துபொந்தெல்லாம் வடமொழி என்றால் நான் எந்த வழியாக வீட்டுக்குப் போவது?

ஆம்பூரிலிருந்து:
வரப்பு? கட்டத்தைப் பாத்தி என்று வைத்தால் பொருந்துகிறது. பழைய வட ஆற்காட்டுச் செங்கம் கோயில் ராமாயண ஓவியங்களைப் பாருங்கள், அதுவும் ஒரு படக்கதைதான், படத்தோடு தெலுங்கில் குறிப்பும் உண்டு. 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது செங்கம் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது, அது வேறு வயிற்றெரிச்சல்.

குடியாத்தத்திலிருந்து:
வரப்பு தண்ணீரை மறிக்கும் சார். இந்த வெள்ளை கதையை அடுத்த கட்டத்துக்குக் கடத்திவிடுகிறது. படக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் படக்கதை பற்றி 1993இல் எழுதிய நூலும் இதைத்தான் பேசுகிறது: விட்டதை வாசகர் நிரப்புகிறார். வெறும் 'இடைவெளி' போதாதா?

ராணிப்பேட்டையிலிருந்து:
எழுத்துக்கு நடுவிலும் இடைவெளி, வரிக்கு நடுவிலும் இடைவெளி. குழம்பும். சரி, 'கட்ட இடைவெளி' என்று போடுங்கள். அப்புறம் உங்கள் பாடு.

குடியாத்தத்திலிருந்து:
மணி நாலரை. 'கட்ட இடைவெளி' என்றே அனுப்பிவிட்டேன். வகுப்பில் சந்து என்றுதான் சொல்லப்போகிறேன், ஐயா மன்னிக்கணும்.

ஆற்காட்டிலிருந்து:
அடிக்குறிப்பிலாவது இடைகழி என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?

ராணிப்பேட்டையிலிருந்து:
பக்கத்தை நான்தான் வடிவமைக்கிறேன். கீழே அரை அங்குலம்கூட இல்லை ஐயா.