ஓட்டில் 1865 என்று இருக்கிறது. ஆலயம் கட்டியதும் அந்த ஆண்டுதானா?

பருத்தித்துறைப் பேத்தி:

வணக்கம். எங்கள் ஊர் வடமராட்சியில், பருத்தித்துறைப் பக்கம். அங்கே இருக்கிற சின்ன மெதடிஸ்த ஆலயத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். அறுபது பேர் வந்தால் வாங்கெல்லாம் நிறைந்துவிடும், அவ்வளவுதான்.

போன மாதம் ஒழுக்குப் பார்க்க மேசன் கூரையில் ஏறினார். வடக்குப் பக்கத்தில் அவர் கழற்றி இறக்கிய ஓடொன்றின் அடியில் ஆங்கில எழுத்தில் 'பாசல் மிசன் டைல் வேர்க்ஸ்' என்றும், கீழே 1865 என்றும் அச்சு. அன்றிலிருந்து எல்லாரும் 1865ஐப் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் ஞாபகக் கல் பதிக்க முற்பணமும் கொடுத்தாயிற்று.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மம்மா 1908இல் பிறந்தவ, தலைச்சன் பிள்ளை. தன் தாயின் கலியாணம் அந்த ஆலயத்தில் ஓலைக் கூரைக்குக் கீழேதான் நடந்தது என்று அவ பலமுறை சொல்லியிருக்கிறா. மழை ஒழுகியதால் ஐயர் இரண்டு தரம் இடம் மாறி நின்று செபம் பண்ணினாராம். 1865இல் ஓடு போட்டிருந்தால் ஓலை எங்கிருந்து வந்தது? இன்னும் சிலர் அது ஒல்லாந்தர் கட்டியது என்கிறார்கள். கல்லில் பிழையான ஆண்டு ஏறிவிட்டால் நாளைக்கு எங்கள் பிள்ளைகள் அதைத்தான் படிப்பார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரவெட்டி கூரைவேலை:

தங்கச்சி, கல்லு வெட்டுகிறவரை உடனே நிற்பாட்டுங்கள். நான் முப்பது வருசமாகக் கூரை வேலை செய்கிறேன். இந்த ஓடு எத்தனையோ பழைய வீட்டில் கையில் வந்திருக்கிறது. 1865 என்பது ஓடு சுட்ட ஆண்டு இல்லை. சுவிற்சலாந்தின் பாசல் நகரத்திலிருந்து வந்த கிறிஸ்தவ மிசன்காரர் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. பிறகு எத்தனையோ வருசம் அதே ஆண்டை அச்சில் வைத்தார்கள்.

ஆனால் அந்தப் பெயர் ஒரு எல்லையைக் காட்டும். முதலாம் உலகப் போரில் அந்த ஆலைகள் பிரித்தானிய அரசின் கைக்குப் போய், பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பனிக்கு மாறின. ஆகவே பாசல் பெயர் உள்ள ஓடு பெரும்பாலும் அந்தப் போருக்கு முந்தியது. உங்கள் அம்மம்மா சொன்ன கலியாணம் 1908க்குக் கொஞ்சம் முன்னே என்றால், ஓடு ஏறியது அதற்கும் போருக்கும் இடையில் ஒரு சில வருசத்துக்குள். அவவின் கதை ஓட்டோடு அழகாகப் பொருந்துகிறது.

ஒன்று மட்டும் கவனம். 1987 மே மாதச் சண்டையில் வடமராட்சியில் எத்தனையோ கூரை போனது. பிறகு இடிந்த வீட்டு ஓடுகளைப் பொறுக்கித்தான் பல இடத்தில் வேய்ந்தோம். ஒரு ஓட்டை நம்ப வேண்டாம். நாலு பக்கத்திலும் பத்துப் பத்து கழற்றிப் பாருங்கள்.

பழைய வாத்தியார்:

ஒல்லாந்தர் கதையை இங்கே எல்லாப் பழைய ஆலயத்துக்கும் சொல்வார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் அவர்கள் போர்த்துக்கேயரின் கத்தோலிக்க ஆலயங்களைத் தங்கள் சபைக்கு மாற்றினார்கள். அப்படிப்பட்ட வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை இடங்கள் 1816இல் வந்த அமெரிக்க மிசனிடம் போயின. மெதடிஸ்தர் வழி வேறு. 1814 ஜூன் 29ஆம் திகதி காலியில் இறங்கிய வெஸ்லியன், அதாவது மெதடிஸ்த, மிசனரிகளில் லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் ஓகஸ்டில் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிப் புறப்பட்ட தோமஸ் கோக் கரையைக் காணாமலே நடுக்கடலில் இறந்துபோனார். எத்தனை தரம் படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு மனம் கனக்கும்.

அவர்கள் போன இடமெல்லாம் பள்ளிக்கூடமும் எழுந்தது. 1838இல் பேர்சிவல் பாதிரியார் பருத்தித்துறையில் தொடங்கிய பள்ளிதான் 1916இல் ஹாட்லிக் கல்லூரி என்று பெயர் மாறியது. நாவலர் படித்துப் படிப்பித்து, வேதாகமத் தமிழுக்குக் கைகொடுத்ததும் இதே பேர்சிவலிடம். கிராமங்களில் பல இடத்தில் கிழமை நாளில் பள்ளிக்கூடம், ஞாயிறில் ஆராதனை, இரண்டுக்கும் ஒரே கொட்டில். உங்கள் ஆலய வளவில் மெ.மி.த.க. (மெதடிஸ்த மிசன் தமிழ்க் கலவன்) என்று தொடங்கும் பாடசாலை இருக்கிறதா? இருந்தால் அதிபரிடம் பழைய சம்பவத் திரட்டைக் கேளுங்கள். 1960இல் அரசு பொறுப்பேற்றபோது பல பாடசாலைகளில் அது அங்கேயே தங்கிவிட்டது. போதகர் ஐயாவிடம் ஞானஸ்நான இடாப்பையும் காணி உறுதியையும் கேளுங்கள். லண்டனுக்குப் போன மிசன் கடிதங்கள் இப்போது லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன, அங்கே படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் பார்க்கச் சொல்லலாம்.

டொரண்டோ மருமகள்:

நீங்கள் சொல்வது எந்த ஆலயம் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், வாசலில் இரட்டை வேம்பு நிற்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நடந்து வந்து, பதினொரு நாள் அதற்குள்தான் படுத்தோம். எனக்குப் பத்து வயது. மேற்குச் சுவரோடு பாய். பூச்சு உதிர்ந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே கிடப்பேன். கீழே முருகைக் கல், ஓட்டை ஓட்டையாக. மேலே எட்டிப் பார்த்தால் சீராக வெட்டிய கல், நிறமும் வேறு. யாரோ சுவரைப் பிறகு உயர்த்தியிருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். அவர் இப்போது இல்லை. தயவுசெய்து அந்த இடத்தைப் பாருங்கள்.

பருத்தித்துறைப் பேத்தி:

அக்கா, அதே ஆலயம்தான். வேம்பு ஒன்று விழுந்துவிட்டது, மற்றது நிற்கிறது. இன்று பின்னேரம் போனேன். மேற்குச் சுவரில் பூச்சு பிறகு பூசியிருக்கிறார்கள், ஆனால் என் தோள் உயரத்துக்குச் சற்று மேலே நீளமாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. உங்கள் அப்பா சொன்ன இடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். கரவெட்டி அண்ணை, ஓலைக்குச் சுவர் பதிவாக இருந்து, ஓடு போடும்போது உயர்த்தியிருப்பார்களா?

கரவெட்டி கூரைவேலை:

ஓம். ஓலைக்குச் சரிவு கூட வேணும், சுவர் பதிவாக இருந்தால் போதும். ஓட்டுக்கு அவ்வளவு சரிவு வேண்டாம், அதனால் சுவரை ஏற்றுவார்கள். வெடிப்புக்குக் கீழே இருப்பது ஓலைக் காலத்துச் சுவராக இருக்கலாம். சனிக்கிழமை நான் ஏணியோடு வருகிறேன், கூலி வேண்டாம்.

பருத்தித்துறைப் பேத்தி:

கல்லு வெட்டுகிறவரோடு கதைத்துவிட்டேன். ஆண்டு வரும் இடத்தை வெறுமையாக விட்டு மற்ற எழுத்தை வெட்டச் சம்மதித்தார். சனி காலை எட்டு மணிக்கு ஆலயம் திறந்திருக்கும், இடாப்பையும் எடுத்து வைப்பதாகப் போதகர் ஐயா சொன்னார்.