சட்டமன்றக் குழு மலைக்கு வந்தபோது நேரில் இருந்தவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பச்சைத்தேயிலை (குன்னூர் பக்கம்):

என் மனு எதைப் பற்றி என்று இங்கே பாதிப்பேருக்குத் தெரியும். ராத்திரியில் தேயிலை ஆலைப் புகை பள்ளத்தில் இறங்கி வீட்டுக்குள் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். பேரவைக் குழு வந்த அன்று கூட்ட அரங்கில் அதை எடுத்தார்கள். ஓர் உறுப்பினர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளரைப் பார்த்து, "ராத்திரி நேரத்துல அங்க போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

அந்த மனிதர் எழுந்து நின்று தன் வேலைகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஆலைகளுக்கு இசைவாணை (அதாவது இயங்க அனுமதி), ஓட்டல் காட்டேஜ் கழிவுநீர், ஆஸ்பத்திரிக் கழிவு, பிளாஸ்டிக், மின்னணுக் கழிவு, பழைய பேட்டரி, கட்டட இடிபாடு, ஒலிபெருக்கி... நடுவில் டீயும் வர்க்கியும் வந்தன. அவர் நிறுத்தவில்லை. உறுப்பினர் சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் நீங்க ஒருத்தரேவா?" என்றார். அரங்கம் முழுக்கச் சிரித்தது. பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை.

சரியான கேள்வியே அதுதான். பதில் வாங்காமல் சிரித்துவிட்டு அடுத்த மனுவுக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது "நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்பவும்". அந்தப் பொறியாளர் மேல் கோபப்படவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

மூஞ்சிக்கல் ஆள்:

உங்களுக்கு ஊட்டியிலாவது மாவட்டப் பொறியாளர் உட்கார்ந்திருக்கிறார். கொடைக்கானலுக்கு எல்லாமே திண்டுக்கல். எங்கள் எம்.எல்.ஏ.வும் பழனித் தொகுதிக்காரர்தான்.

இங்கே இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையின் கதையை மறுபடி சொல்லத் தேவையில்லை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் வெளியே தெரிந்ததே, அந்த நாட்களில் என் சித்தப்பா ஆலையில் வேலையில் இருந்தார். அவர் கல்யாண மோதிரம் வெள்ளி மாதிரி வெளுத்துப்போயிருந்தது. தங்கமே இல்லை, நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று சித்தி அதைத் தட்டானிடம் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனார். கூட நானும் போனேன். தட்டான் மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதை நெருப்புல காட்ட மாட்டேன்மா, எடுத்துட்டுப் போங்க" என்றார். காரணம் சொல்லவில்லை. பாதரசம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது!

ஆலை எண்பதுகளில் வந்தது. அதற்கப்புறம் பேரவையில் துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம் எத்தனை நடந்திருக்கும்? விஷயத்தை வெளியே கொண்டுவந்தது தொழிலாளர்களும் சூழல் அமைப்புகளும்தான். 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. ஆலை மண்ணைச் சுத்தம் செய்தபின் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாமா, அதற்கும் குறைய வேண்டுமா என்ற சண்டை அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் ஓடியது.

கூடலூரான்:

@பச்சைத்தேயிலை, உங்கள் கதையில் குழு மேல் தப்பில்லை. மனு எழுதிய விதத்தில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். என் அனுபவம் சின்னது: கல் குவாரிப் புழுதி பற்றி மனு போட்டேன், வழக்கு நிலுவையில் இருப்பதால் எடுக்க இயலாது என்று திரும்பி வந்தது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். எல்லோருக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மனுக்கள் குழுவுக்கு ஐந்து நகல், தமிழில், தேதி போட்டுக் கையெழுத்து. ஒரு மனுவில் ஒரு பிரச்சினைதான். கோர்ட்டில் இருப்பது, பட்டா, வேலைவாய்ப்பு எல்லாம் வேண்டாம். புகையும் எழுதி, ரோடும் எழுதி, தெருவிளக்கும் எழுதினால் மூன்றும் போச்சு.

அமைச்சர் அவையில் எழுந்து "ஆவன செய்யப்படும்" என்று சொல்லியிருந்தால் அது வேறு பாதை. அது உறுதிமொழி. அதற்கென்று அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. எந்தத் தேதியில் சொன்னார் என்று தேடிப் பிடித்து எழுதுங்கள்.

மூன்றாவது, யாரும் தொடாத விஷயம். 1974 நீர்ச் சட்டம் (தண்ணீர் மாசைத் தடுக்கும் சட்டம்) பிரிவு 39-ன்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டறிக்கை தயாரித்து நிதியாண்டு முடிந்த நான்கு மாதத்துக்குள் அரசுக்குக் கொடுக்க வேண்டும். ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் கடைசிக்குள், அரசு அதைப் பேரவையில் வைக்க வேண்டும். தணிக்கையான கணக்குக்குப் பிரிவு 40. தாமதமானால் கேட்பதற்கே பேரவை முன் வைக்கப்பட்ட ஏடுகள் குழு என்று தனியாக ஒன்று உண்டு. பக்கத்துக் கேரளத்தில் 1980-லிருந்தே துறைவாரியாகப் பொருட்குழுக்கள் வேலை செய்கின்றன. நமக்கு அப்படி இல்லாததால் இருக்கிற குழுக்களைத்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். தகவல் உரிமையில் ஒரே வரி கேளுங்கள்: ஆண்டறிக்கை அவையில் வைக்கப்பட்ட தேதி என்ன?

மூஞ்சிக்கல் ஆள்:

அண்ணா, யாரும் வகுப்பு எடுக்கச் சொல்லவில்லையே. மலையில் கண்ணால் பார்த்த மாற்றம் எது சொல்லுங்கள். காலி மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தருவது 2022-இல் நீலகிரியில் ஆரம்பித்தது, கோர்ட் சொல்லித்தான். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ், அதுவும் கோர்ட். கோட்டையிலிருந்து வந்தது எது?

ஓய்வில் ஒருவர்:

கோட்டையிலிருந்து கேள்வி வரும் தம்பி. பதில் எப்படிப் போகும் என்று நான் சொல்கிறேன். எந்த ஆபீஸ், எந்த வருஷம் என்று கேட்காதீர்கள்.

குழு வருவதற்கு முன்னால் கேள்விப் பட்டியல் வரும். எங்கள் பிரிவில் இளநிலைப் பொறியாளர் ஒரு பெண், புதிதாகச் சேர்ந்தவர், வரைவுப் பதில் எழுதினார். "பணியிடங்கள் காலியாக உள்ளதால் திடீர் ஆய்வுகள் போதிய அளவில் மேற்கொள்ள இயலவில்லை" என்று ஒரு வரி. கோப்பு மேலே போய்த் திரும்பி வந்தது. அந்த வரி மேல் பச்சை மையில் ஒரு கோடு, பக்கத்தில் "தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகிறது". அந்தப் பெண் என்னிடம் கொண்டுவந்து காட்டி, "சார், நான் எழுதினது பொய்யா?" என்று கேட்டார். தட்டச்சுக்கு நேரமாகிறது, கொடும்மா என்றேன்.

பச்சைத்தேயிலை பார்த்த பொறியாளர் பட்டியலை வாய்விட்டு வாசித்தாரே, அதை எழுத்தில் கொடுத்திருந்தால் அரங்கத்துக்கு வந்தே இருக்காது. புது விதி வரும்போதெல்லாம் வேலை இந்த வாரியத்துக்கு வருகிறது. 2016-இல் மட்டும் திடக்கழிவு, பிளாஸ்டிக், மருத்துவக் கழிவு, கட்டடக் கழிவு என்று அடுத்தடுத்து வந்தன. ஆள் அதே ஆள்.

ஓடைவீட்டுக்காரி:

எங்கள் ஊர்க் குப்பைக்கிடங்கைப் பார்க்க ஒரு குழு வந்தது. முந்தின நாளே ஜே.சி.பி. வந்து செம்மண் தள்ளி மூடிவிட்டுப் போனது. மேலே பிளீச்சிங் பவுடர், கோலம் போட்ட மாதிரி. பெரும்பாலானவர்கள் வேனைவிட்டு இறங்கவில்லை, மழைத் தூறல் வேறு. ஓர் அம்மா மட்டும் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பின்னால் ஓடை வரைக்கும் வந்தார். கறுப்பாக ஓடியது. "இந்தத் தண்ணி எங்க போகுது?" என்றார். அதிகாரிகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். வேன் டிரைவர் பின்னாலிருந்து, "குன்னூர் ஆத்துல விழுந்து மேட்டுப்பாளையத்துல பவானிக்குப் போகுதும்மா" என்றார். அந்த அம்மா, "நாங்க குடிக்கிறது பவானித் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் குழுவின் அறிக்கையில் இது வந்ததா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தவர்கள் போடுங்கள்.

கூடலூரான்:

அக்கா, குழுவின் பெயரும் வந்த வருஷமும் தெரிந்தால் அச்சிட்ட அறிக்கையைத் தேடிவிடலாம். தேதியில்லாமல் "ஒரு குழு" என்றால் கஷ்டம்.

ஓடைவீட்டுக்காரி:

வேனில் பெயர் எழுதியிருக்கவில்லை தம்பி.

ஓய்வில் ஒருவர்:

இன்னொன்று. வாரியத்தின் வண்டி பெரும்பாலும் இசைவாணைக் கட்டணத்தில்தான் ஓடுகிறது. தண்ணீர் பயன்பாட்டுக்கு ஆலைகளிடம் வாங்கிய நீர் வரி 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் போய்விட்டது. பேரவை ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் பணம் இல்லை என்பதால், மானியக் கோரிக்கை நாளில் ஆலை, குப்பை பற்றிப் பேசுவார்கள், வாரியத்தின் கணக்கை யாரும் நோண்ட மாட்டார்கள். கூடலூரான் சொன்ன பிரிவு 40 அதற்குத்தான் பயன்படும். தம்பி கொஞ்சம் நீளமாகச் சொன்னார், ஆனால் தப்பாகச் சொல்லவில்லை.

கூடலூரான்:

நன்றி ஐயா. ஏடுகள் குழுவுக்குக் கடிதம் வரைவு எழுதிவிட்டேன். ஆண்டறிக்கை, கணக்கு, இரண்டும் வைக்கப்பட்ட தேதி மட்டும் கேட்டிருக்கிறேன், புகை புழுதி எதுவும் இல்லை. நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டால் நல்லது. புதன்கிழமை காலை கூடலூர் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.

பச்சைத்தேயிலை:

புதன்கிழமை இலை பறிப்பு. குன்னூரிலிருந்து அங்கே வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. ஞாயிறு ஊட்டியில் வையுங்கள், ஓடைவீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.