எக்ஸ்சேஞ்ச் சப்போர்ட்னு டெலிகிராம்ல ஒருத்தர் வந்திருக்காரு, நம்பலாமா?

பொள்ளாச்சிப் பையன்:
அவசரமா ஒரு டவுட். இன்னைக்கு நான் யூஸ் பண்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்ல யூஎஸ்டிடி (டாலர் விலைய ஒட்டியே இருக்கற கிரிப்டோ காயின்) வித்ட்ரா போட்டேன், அஞ்சு மணி நேரமா பெண்டிங்னே காட்டுது, ஆப்ல டிக்கெட் போட்டா பதிலே இல்ல, கடுப்புல அவங்க டெலிகிராம் குரூப்ல போய் புலம்பிட்டேன். ரெண்டே நிமிஷத்துல ஒருத்தர் தனியா மெசேஜ் பண்றாரு, அவங்க லோகோ, பேரு பக்கத்துல சப்போர்ட்னு இருக்கு. "உங்க அக்கவுண்ட்ல வேற யாரோ லாகின் பண்ணிருக்காங்க சார், அதான் ஹோல்ட்"ன்றாரு. என் முழுப் பேரு, மெயில் ஐடி, பான் நம்பரோட கடைசி நாலு எல்லாம் கரெக்டா சொல்றாரு. ப்ளே ஸ்டோர்ல ஒரு கிரிப்டோ வாலட் ஆப் இறக்க சொல்லி 12 வார்த்தை அனுப்பிருக்காரு, அதப் போட்டு ஓபன் பண்ணி மிச்சக் காசை அங்க மாத்திடுங்க, செக்கிங் முடிஞ்சதும் திரும்ப எடுத்துக்கலாமாம். ஆப் ஒரிஜினல்தான், ஓடிபி கூட கேக்கல, அதான் குழப்பமா இருக்கு. 62 ஆயிரம் ரூபா கிட்ட இருக்கு.

ராத்திரி ட்ரேடர்:
தம்பி ஒரு ரூபா கூட அனுப்பாதீங்க. ஆப் ஒரிஜினல்தான், சாவிதான் அவன்கிட்ட இருக்கு. அந்த 12 வார்த்தை யார்கிட்ட இருக்கோ அவங்களுக்குத்தான் அந்த வாலட், அவன் ஏற்கனவே அவன் போன்ல அதத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருப்பான், நீங்க போட்ட அடுத்த நிமிஷம் வழிச்சுட்டு போயிருவான். ஓடிபி எதுக்கு கேக்கணும், நீங்களே உங்க கையால அனுப்பப் போறீங்களே. அப்புறம் ஒண்ணு யோசிங்க, அக்கவுண்ட் ஹோல்ட்ல இருக்குன்னு சொல்றவன் எப்படிங்க அதே அக்கவுண்ட்ல இருந்து மாத்த சொல்றான்?

பிரியா அக்கா:
பான் நம்பர் தெரியுதேன்னு நம்பிராதீங்க. 2025 மே மாசம் வெளிய வந்துச்சே, காயின்பேஸ்னு அமெரிக்காவோட பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்லயே நடந்துச்சு, அமெரிக்காவுக்கு வெளிய இருந்த சப்போர்ட் ஆளுங்களுக்கு லஞ்சம் குடுத்து கஸ்டமரோட பேரு, அட்ரஸ், போன் நம்பர், ஐடி கார்டு போட்டோ வரைக்கும் வாங்கிட்டானுங்க. பாஸ்வேர்டு கிடைக்கல, ஆனா அது அவனுங்களுக்குத் தேவையும் இல்ல, இந்த விவரத்த வச்சுக்கிட்டு கம்பெனி ஆளு மாதிரி பேசி ஜனங்களையே அனுப்ப வைக்கறதுதான் பிளான். கம்பெனிகிட்டயே 2 கோடி டாலர் கேட்டு மிரட்டினானுங்க, அவங்க குடுக்கல, அதே தொகைய அவனுங்களப் புடிக்கத் துப்புக் குடுக்கறவங்களுக்கு பரிசுன்னு அறிவிச்சாங்க. பைனான்ஸ் (Binance) எக்ஸ்சேஞ்ச் யூஸ் பண்றவங்க அவங்க சைட்ல இருக்கற பைனான்ஸ் வெரிஃபைல அந்த டெலிகிராம் ஐடிய போட்டுப் பாக்கலாம், அவங்களோடதா இல்லையான்னு காட்டும். மெயிலுக்கு ஆன்டி ஃபிஷிங் கோடுன்னு செட்டிங்ஸ்ல ஒண்ணு இருக்கும், நீங்க வச்ச வார்த்தை இல்லாம மெயில் வந்தா தொடவே தொடாதீங்க.

சும்மா ஒருத்தன்:
எங்க சித்தப்பா போன வருஷம் இதே மாதிரி ஒன்றரை லட்சம் விட்டாரு. திட்டிட்டு பிளாக் பண்ணலாம்னு அவசரப்படாதீங்க, மொதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, டெலிகிராம்ல அவன் நெனச்சா ரெண்டு பக்கமும் சாட்டை அழிச்சிரலாம், சித்தப்பாகிட்ட கடைசில காட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. காசு போயிருந்தா உடனே 1930 சைபர் க்ரைம் ஹெல்ப்லைனுக்கு அடிக்கணும், சைபர் க்ரைம் போர்டல்லயும் போடணும், அவரு வெக்கப்பட்டுக்கிட்டு நாலு நாள் கழிச்சு சொன்னாரு. அதுக்கப்புறம் இன்னொருத்தன் வந்தான், பிளாக்செயின்ல (கிரிப்டோ பரிமாற்றம் எல்லாம் பதிவாகற கணக்குல) ட்ரேஸ் பண்ணி மீட்டுத் தரேன், ஃபீஸ் மட்டும் முன்னாடியே குடுங்கன்னு. அதையும் குடுத்தாரு மனுசன்.

பொள்ளாச்சிப் பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, நல்லவேளை அனுப்பல. இப்பதான் ஐடிய பெருசு பண்ணிப் பாத்தேன், சின்ன எல் வர்ற இடத்துல பெரிய ஐ போட்டு வச்சிருக்கான், போன் ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே கோடுதான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு "ஆப்ல இருக்கற டிக்கெட்லயே பதில் போடுங்க சார்"னு மட்டும் கேட்டேன், மொத்த சாட்டும் காணோம். வித்ட்ரா ராத்திரி பத்து மணிக்கு தானா வந்திருச்சு, ஏதோ நெட்வொர்க் மெயின்டனன்ஸாம். இதுல கொடுமை, இந்த போஸ்ட்டப் பாத்துட்டு ஒருத்தன் இன்பாக்ஸ்ல "இழந்த பணத்தை மீட்டுத் தரேன் ப்ரோ"ன்றான். இன்னும் போகவே இல்லையேடா!