பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெட்வொர்க்காரன்:

பல பேர் பயன்படுத்தும் பிரிண்டர் திடீரென்று ‘ஆஃப்லைன்’ ஆனால், உடனே டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி போடுவார்கள். அது வேலையும் செய்துவிடும். வம்பே அங்கேதான். சில நாள் கழித்து அதே பிரச்சினை திரும்ப வந்து நிற்கும்.

நான் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் விடுமுறை முடிந்து வரும்போதெல்லாம் இந்தக் கூத்து. பிங் செய்தால், அதாவது பிரிண்டரின் முகவரிக்கு ‘இருக்கிறாயா?’ என்று ஒரு சோதனைச் செய்தி அனுப்பினால், பதில் வருகிறது, பிரிண்ட் மட்டும் போகவில்லை. "பிங் வருதே, அப்போ நெட்வொர்க் சரிதான், டிரைவர்தான் கோளாறு" என்று அங்கே முடிவே கட்டிவிட்டார்கள். பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சடித்துப் பார்த்தேன். அதில் பிரிண்டரின் நெட்வொர்க் முகவரி (ஐபி) 192.168.1.41 என்று இருந்தது. விண்டோஸில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் உள்ள போர்ட் பகுதியில் இருந்ததோ 192.168.1.23. அப்படியானால் 23-லிருந்து பிங்குக்குப் பதில் சொல்வது யார்? எந்த எண்ணில் எந்தக் கருவி என்று காட்டும் ‘ஆர்ப் -ஏ’ (arp -a) கட்டளை கொடுத்து, கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்தால், அது யாரோ ஒருவரின் செல்போன்!

நடந்தது இதுதான். விடுமுறையில் பிரிண்டரை அணைத்துவிடுவார்கள். ரவுட்டர் அதற்குக் கொடுத்திருந்த முகவரியின் குத்தகைக் காலம் அதற்குள் முடிந்துவிடும். அந்த எண் வேறு கருவிக்குப் போகும், பிரிண்டர் வேறு எண் வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரோ, வீடு மாறிப்போனவருக்குப் பழைய முகவரிக்கே தபால் போடுவதுபோல 23-க்கே அனுப்பிக்கொண்டிருக்கும். டிரைவரை மறுபடி போடும்போது பிரிண்டரைப் புதிதாகத் தேடுவதால் புது முகவரி கிடைத்துவிடுகிறது. பெயர் மட்டும் டிரைவருக்குப் போகிறது.

ரவுட்டரில் முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் டிஹெச்சிபி பக்கத்தில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தேன். அந்தத் தொல்லை அப்புறம் வரவில்லை. பிரிண்டர் மெனுவிலேயே நிலையான ஐபி போடலாமே என்பார்கள். போடலாம்தான், ஆனால் ரவுட்டர் தானாகப் பகிரும் எண் வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே எண்ணில் இரண்டு கருவிகள் மோதும். அது சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. கண்டுபிடிக்க அதைவிடக் கடுப்பான பிரச்சினை கிடையாது.

கணக்குப்பிள்ளை:

சார், எனக்கு வந்தது வேறு மாதிரி. முகவரி சரியாகத்தான் இருந்தது. பிரவுசரில் அந்த ஐபியை அடித்தால் பிரிண்டரின் பக்கம் திறக்கிறது, மை அளவுகூடக் காட்டுகிறது. விண்டோஸ் மட்டும் ஆஃப்லைன் என்று அடம்பிடிக்கிறது. எங்கள் சிஸ்டம் பார்ப்பவர் வந்து, போர்ட்டைத் தேர்ந்தெடுத்து ‘கான்ஃபிகர் போர்ட்’ அழுத்தி, ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ என்பதில் இருந்த டிக்கை எடுத்தார். நின்றிருந்த வேலைகள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

நெட்வொர்க்காரன்:

சரியாகச் செய்திருக்கிறார். பிரிண்டரின் நிலையை விண்டோஸ் எஸ்என்எம்பி என்ற முறை வழியாகக் கேட்கும், பதில் வரவில்லையென்றால் ஆஃப்லைன் என்று தானே முடிவு செய்துகொள்ளும். அச்சடிக்கும் வேலை போவது பெரும்பாலும் 9100 என்ற வேறொரு வாசல் (போர்ட்) வழியாக. அது திறந்தே இருக்கும். அதனால் ‘ஆஃப்லைன்’ என்பதைக் கம்ப்யூட்டரின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பிரவுசரில் பிரிண்டர் பக்கம் வருகிறதா பாருங்கள். பிங்கைவிட அதைத்தான் நான் நம்புவேன், செல்போன் பிரிண்டர் பக்கத்தைக் காட்டாது.

மாடிவீட்டுக்காரர்:

என் கதை கொஞ்சம் விநோதம். மாடியில் வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து வந்த கேபிளை அதன் ‘வான்’ (இணையம் உள்ளே வரும்) போர்ட்டில் சொருகியிருந்தார்கள். மாடி லேப்டாப்பில் பிரிண்டரைத் தேடினால் வராது, ஐபியை நேராகக் கொடுத்தால் பிரிண்ட் போகும். ஆனால் பிரிண்டரில் ஸ்கேன் செய்து லேப்டாப்பில் உள்ள ஃபோல்டருக்கு அனுப்பினால் எப்போதும் தோல்வி. ஒரு திசையில் போகிறது, மறு திசையில் வரவில்லை.

ஐபி பார்த்ததும் புரிந்தது. கீழே 192.168.1, மாடியில் 192.168.0 என்று தொடங்கியது. மாடி ரவுட்டர் தனி நெட்வொர்க்காக நின்று, உள்ளிருந்து வெளியே விடுகிறது, வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுக்கிறது. பிரிண்டரைத் தேடும் அழைப்பும் அதைத் தாண்டாது. அந்த ரவுட்டரைத் தனி நெட்வொர்க் அமைக்காமல் வைஃபையை மட்டும் நீட்டும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றியதும் எல்லாம் ஒரே நெட்வொர்க் ஆகிவிட்டது. உங்கள் ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால், அதன் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு கேபிளை லேன் (உள் கருவிகளுக்கான) போர்ட்டுக்கு மாற்றினாலும் போதும். முதலில் அதன் சொந்த ஐபி கீழ் ரவுட்டரோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் இருப்பவர்களுக்கும் பொதுவாகப் பிரிண்டர் தெரியாது. அது கோளாறு இல்லை, அதை அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

பழையயூஎஸ்பி:

எல்லோரும் நெட்வொர்க் பிரிண்டர் பற்றியே பேசுகிறீர்கள். எங்களிடம் இருப்பது யூஎஸ்பி பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி ஷேர் செய்தது. அந்தக் கம்ப்யூட்டர் தூங்கினால் பிரிண்டரும் தூங்கிவிடும். அதன் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று மாறிவிட்டால் ஃபயர்வால் ஷேரிங்கை அடைத்துவிடும். ‘பிரைவேட்’ ஆக்கினால் சரி.

இவற்றைவிடப் படுத்தியது 2021-இல் வந்த விண்டோஸ் அப்டேட்கள். பிரின்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த சமயம் அது. செப்டம்பர் மாத அப்டேட்டுக்குப் பிறகு பல இடங்களில் ஷேர் பிரிண்டர்கள் 11பி என்று முடியும் பிழையோடு நின்றுபோயின. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கச் சொல்லும் வைத்தியம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது வேலை செய்யும், ஆனால் அந்த அப்டேட் பூட்டிய கதவை நாமே திறந்துவிடுகிறோம். இரண்டு கம்ப்யூட்டர்களையும் முழுதாக அப்டேட் செய்து பார்த்துவிட்டு, அப்போதும் முடியவில்லையென்றால் நெட்வொர்க் வசதியுள்ள பிரிண்டருக்கு மாறுவதே மேல் என்பது என் கருத்து.

லினக்ஸ்பித்தன்:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: விபிஎன், அதாவது இணையம் வழியே நிறுவன நெட்வொர்க்குக்குப் போடும் பாதுகாப்பான சுரங்கப்பாதை. என்னோடு வேலை செய்பவரின் லேப்டாப் மட்டும் காலையில் பிரிண்ட் செய்யும், பத்து மணிக்கு மேல் செய்யாது. பத்து மணிக்குத்தான் அவர் நிறுவன விபிஎன்னில் நுழைவார். நுழைந்ததும் பக்கத்து மேஜை பிரிண்டருக்குப் போக வேண்டியதும் சேர்ந்து சுரங்கப்பாதைக்குள் போய்விடும். பிரிண்டரில் நோண்ட ஒன்றுமே இல்லை. உள்ளூர் நெட்வொர்க்கை அனுமதிக்கும்படி விபிஎன் நிர்வாகியிடம் கேட்க வேண்டும். சம்மதிக்காவிட்டால், விபிஎன்னைத் துண்டித்துவிட்டு அச்சடிப்பதுதான் வழி.