சீசன் வந்ததும் பகலில் மட்டும் விட்டுப்போகும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் – உதவி தேவை

சேகோ_மெயின்டனன்ஸ் (ஆத்தூர் பக்கம்):
வணக்கம். எங்கள் சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் பயோகேஸ் டைஜஸ்டரில் (கழிவை நொதிக்க வைத்து கேஸ் எடுக்கும் தொட்டி) பிரஷர், லெவல், ஃப்ளோ என அளவுகளை ரேடியோவில் அனுப்பும் மூன்று வயர்லெஸ்ஹார்ட் டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் சிக்னலை வாங்கும் கேட்வே பேனல் ரூமில். தூரம் 200 மீட்டர் இருக்கும். நடுவில் எடைமேடையும் கிழங்கு இறக்கும் இடமும்.

ஆடியில் போட்டபோது நன்றாக ஓடியது. சீசன் தொடங்கியதிலிருந்து காலை பத்து மணிக்கு மேல் சிக்னல் விட்டுப்போகிறது. ராத்திரி தானாகத் திரும்பி வருகிறது. பேட்டரி புதுசு. விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) நாய்ஸ்தான் காரணம், பூஸ்டர் வாங்குங்கள் என்கிறார் சப்ளையர். வைஃபை கேமராவும் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

இன்னொன்று: கேஸ் சேமிக்கும் பலூனில் பிரஷர் இறங்கினால் கேஸ் இழுக்கும் புளோயர் நிற்க வேண்டும். அப்படித் தானாக நிறுத்தும் இன்டர்லாக்கையும் இதே சிக்னலில் எடுக்கலாமா?

மேட்டூர்_இன்ஸ்ட்ருமென்ட்:
தம்பி, விஎஃப்டியை விடுங்க. அதன் தொந்தரவு பெரும்பாலும் சில பத்து மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். உங்கள் ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ். பக்கத்தில் ஓடும் 4–20 மில்லிஆம்ப் சிக்னல் கேபிளைத்தான் அது படுத்தும். கேமரா ராத்திரியும் ஓடுகிறது, அப்போது சிக்னல் இருக்கிறதே.

பகலில் மட்டும் அங்கே என்ன நிற்கிறது? லாரி. இரும்பு பாடி, உள்ளே ஈரக் கிழங்கு. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இரண்டுமே சுவர்தான். ஆன்டெனா எங்கே இருக்கிறது? பகல், இரவு சிக்னல் அளவைப் போடுங்க.

சேகோ_மெயின்டனன்ஸ்:
இரவில் மைனஸ் 64 டிபிஎம், பகலில் மைனஸ் 88 வரை இறங்குகிறது (மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்). ஆன்டெனா ரூமுக்குள், தகரக் கூரைக்குக் கீழே, ஆள் உயரத்தில். லாரி வரிசை சரியாக அந்தக் கோட்டில்தான் நிற்கிறது அண்ணா.

மேட்டூர்_இன்ஸ்ட்ருமென்ட்:
அப்போ விடை கிடைத்துவிட்டது. பூஸ்டருக்குக் காசு போடாதீங்க. கேட்வே சத்தமாகப் பேசி என்ன பயன்? எதிரே இருக்கும் டிரான்ஸ்மிட்டர் அனுப்புவது வெறும் 10 மில்லிவாட். அது இங்கே வந்து சேர வேண்டுமே.

ஆன்டெனாவை மேலே ஏற்றுங்க. லோடு லாரி கிட்டத்தட்ட 4 மீட்டர். 200 மீட்டர் தூரத்துக்கு நடுவில் நேர்கோட்டைச் சுற்றி 2.5 மீட்டர் வரை காலியாக இருந்தால் நல்லது. ஆக, 6.5 மீட்டருக்குக் குறையாமல் வையுங்க. உயரத்துக்காக நீளமான ஆர்ஜி-58 ஆன்டெனா கேபிள் இழுத்தால் 10 மீட்டரில் சுமார் 10 டெசிபெல், அதாவது பத்தில் ஒன்பது பங்கு சக்தி அங்கேயே போய்விடும். கேட்வேயையே பெட்டியில் வைத்து மேலே ஏற்றி, கீழே ஈதர்நெட் கொண்டு வாங்க.

அப்புறம், மூன்று டிரான்ஸ்மிட்டரும் ஒரே மூலையில் தாழ்வாக இருந்தால் மெஷ் (ஒன்றின் வழியாக இன்னொன்று சிக்னல் கடத்தும் வலை) என்று பெயர்தான், மாற்று வழியே கிடையாது. எடைமேடைக் கூரை மேல், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் போடுங்க.

ஏற்காடு_ரேடியோ:
கம்பம் நட்டால் எர்த்திங்கும், மின்னல் அதிர்வை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டரும் கண்டிப்பாக வேண்டும். சித்திரை இடிமழையில் உயரத்தில் இருப்பதுதான் முதலில் அடிபடும்.

மேட்டூர்_இன்ஸ்ட்ருமென்ட்:
இன்டர்லாக் கேள்விக்கு: வேண்டாம். சிக்னல் போனால் புளோயர் நிற்கும்படி வைத்தால், லாரி வரும்போதெல்லாம் நிற்கும். எரிச்சலில் யாராவது ஒரு வயரைப் போட்டு பைபாஸ் செய்துவிடுவார்கள். பிறகு ஒருநாள் நிஜமாகவே பிரஷர் இறங்கி, காற்றை உள்ளே இழுக்கும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தாலே ஒரு பொறி போதும். புளோயர் பக்கத்திலேயே ஒரு பிரஷர் சுவிட்ச் வைத்து, கேபிளில் நேராக ஸ்டார்ட்டருக்குக் கொடுங்க. வயர்லெஸ் பார்ப்பதற்கு மட்டும்.

சேகோ_மெயின்டனன்ஸ்:
கேட்வேயை மேலே ஏற்றி, ரிப்பீட்டரும் போட்டாயிற்று. லாரி நிற்கும்போதே மைனஸ் 70 காட்டுகிறது. சுவிட்சுக்கும் கேபிள் இழுத்துவிட்டோம். மூன்றுமே 4 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகின்றன, பேட்டரி தாங்குமா?

மேட்டூர்_இன்ஸ்ட்ருமென்ட்:
சந்தோஷம். 4 விநாடி என்றால் பேட்டரி சீக்கிரம் தீரும், இடைவெளியைக் கூட்டுங்க. லெவல் மெதுவாகத்தான் மாறும், 60 விநாடி போதும். பிரஷரை 8, ஃப்ளோவை 16 என்று வையுங்க.